முந்தைய ஆறு மணி நேரத்தையும் கேளுங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாண்புமிகு மலேசிய சுகாதார அமைச்சர், பினாங்கு மாநில சுகாதார இயக்குநர், அரசாங்கக் கிளினிக்குகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் பணியாற்றும் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவ உதவியாளர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

திடீரென உடம்பு சிவந்து தடித்து, வயிறு கலங்கி, நெஞ்சு படபடத்து, சில வேளைகளில் நினைவிழந்து விழுந்து, மறுநாளே ஒன்றும் நடவாததுபோல் எழுந்து வேலைக்குப் போகும் நோயாளிகள் உங்கள் கிளினிக்குகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தோலுக்கு ஒரு பிரிவு, வயிற்றுக்கு ஒரு பிரிவு, இதயத்துக்கு ஒரு பிரிவு, பெண்களாயின் மகப்பேற்றுப் பிரிவு என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். அந்தந்தப் பிரிவு தன் உறுப்பைச் சோதித்துப் பார்த்து, குறை ஏதும் இல்லை என்று எழுதி அனுப்பிவிடுகிறது. இத்தகையோர் சார்பில் இரண்டு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். முதலாவது, இப்படி ஒருவர் வரும்போது, தாக்குதல் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் அவர் உண்டது, விழுங்கிய மருந்து, செய்த வேலை, இருந்த இடம் ஆகியவற்றை நேரத்தோடு கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, அவசரப் பிரிவில் இருக்கும்போதே உரிய நேரத்தில் டிரிப்டேஸ் பரிசோதனைக்கு ஒரு குப்பி இரத்தம் எடுங்கள். டிரிப்டேஸ் என்பது, இத்தகைய தாக்குதலின்போது மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் இரத்தத்தில் கொட்டும் பொருள். இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ பெரிய ஒதுக்கீடோ தேவைப்படாது என்பது என் கணிப்பு.

நான் மருத்துவர் அல்லள். பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் மகளின் நோயை ஒட்டி வாசிக்கத் தொடங்கியவள், பிறகு அதே நிலையில் உள்ள வேறு சில குடும்பங்களின் கோப்புகளையும் உட்கார்ந்து பார்க்கும்படி ஆனது. மருத்துவம் பற்றி இங்கே எழுதுவன எல்லாம் துறை வல்லுநர்களின் வழிகாட்டிகளில் உள்ளவையே. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது திறந்த மடல் என்பதால், நோயாளிகளின் வீட்டாரும் இதைப் படிப்பார்கள்.

உடம்பின் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான அந்த மாஸ்ட் செல்களை 1878-ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் தம் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்தார். தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் என்று உடம்பு வெளியுலகைத் தொடும் இடங்களிலெல்லாம், இரத்தக் குழாய்களையும் நரம்பு முனைகளையும் ஒட்டி அவை குடியிருக்கின்றன. ஹிஸ்டமின், டிரிப்டேஸ், ஹெப்பாரின் முதலியவற்றைத் தமக்குள் சிறுமணிகளாகச் சேமித்து வைத்திருக்கும் அவை, தூண்டப்பட்டால் சில நிமிடங்களுக்குள் அவற்றை வெளியே கொட்டிவிடுகின்றன. அதைத் தொடர்ந்து புரோஸ்டாகிளாண்டின், லுகோட்ரையீன் போன்றவற்றைப் புதிதாகவும் தயாரித்து அனுப்புகின்றன. ஒரே சமயத்தில் தோலில் தடிப்பும் வயிற்றில் முறுக்கும் மூச்சில் இழுப்பும் இரத்த அழுத்தத்தில் வீழ்ச்சியும் நேர்வது இதனால்தான். உறுப்புக்கு ஒரு கிளினிக் என்று பிரித்து வைத்த முறையில் இந்நோய் சிக்காமல் நழுவுவதற்கும் இதுவே காரணம்.

இந்தச் செல்களைத் தூண்டும் வழி ஒன்றல்ல. ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் பொருளின் வழியே நடப்பது நாம் எல்லோரும் அறிந்த ஒவ்வாமை; தோலில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் அதைத்தான் தேடுகின்றன. ஆனால் மார்ஃபின், கோடீன் போன்ற வலி மருந்துகளும், வான்கோமைசின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளும், அறுவைக் கூடத்தில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சில மருந்துகளும் ஐஜிஇயின் துணையில்லாமலே மாஸ்ட் செல்லை நேரடியாகத் தூண்ட வல்லவை. அதற்கென்று செல்லின் மேற்பரப்பில் தனி ஏற்பி ஒன்று இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பம், குளிர், உராய்வு, அதிர்வு, கடும் உழைப்பு, காய்ச்சல், தூக்கமின்மை, மனவுளைச்சல், மாதவிலக்கை ஒட்டிய சுரப்பு மாற்றம் ஆகியவையும் சிலருக்குத் தூண்டுதலாகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரத்தச் சோதனை கிடையாது. நோயாளியிடம் கேட்டறிவதே முதல் வழி.

கேட்டறிந்தாலும் ஏன் பிடிபடுவதில்லை என்பதற்கு என் மகளின் கதையைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அவளுக்கு வேலை. மாதவிலக்கு வலிக்குக் கிளினிக்கில் கொடுத்த மெஃபனாமிக் அமில மாத்திரை ஒன்றை மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டாள். பிற்பகலில் கேண்டீனில் இறால் போட்ட மீ கோரேங் சாப்பிட்டாள். வேலை முடிந்ததும், குளிரூட்டிய கூடத்திலிருந்து வெயிலில் இறங்கி, புறப்பட இருந்த தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். பேருந்து பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கி, கழுத்து சிவந்து, வயிறு பிடுங்கி, கண் இருட்டியது. இறாலை அவள் சிறு வயதிலிருந்து சாப்பிடுகிறாள். அதே மாத்திரையைப் பல மாதங்கள் போட்டிருக்கிறாள். பேருந்துக்கு ஓடாத நாளும் கிடையாது. தனித்தனியே எதுவும் அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை என்பதால், எதைச் சந்தேகிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு போட்டு, மூன்று பேரிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்திருப்பார்கள். மூவரும் ஒன்றாக வந்தால்தான் உண்டியல் திறக்கும். மருத்துவ நூல்கள் துணைக்காரணி என்று கூறுவது ஏறக்குறைய இதுதான். உணவோடு உடலுழைப்பு சேர்ந்தால் மட்டும் வரும் கடும் ஒவ்வாமை உலகெங்கும் பதிவாகியுள்ளது. கோதுமையும் இறால் நண்டு வகைகளும் அதில் முதலிடத்தில் உள்ள உணவுகள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்லோஃபினாக், மெஃபனாமிக் அமிலம் ஆகிய வலி நிவாரணிகள் தாக்குதல் தொடங்கும் வரம்பை மேலும் தாழ்த்துகின்றன. மதுவும், காய்ச்சலும், மாதவிலக்கும்கூட அவ்வாறே. உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் சில மணி நேரம் கடந்திருந்தாலும் இது நேரலாம். எனவே, ‘இன்று புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?’ என்ற வழக்கமான கேள்வி இவர்களுக்குப் பயன்படாது. பழகிய பொருள்கள் பழகாத வரிசையில் அன்று சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அன்று மாலை நாங்கள் போன அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள், இரண்டு மணி நேரம் படுக்க வைத்தார்கள். அதற்கு நன்றி உண்டு. இரத்த அழுத்தம் ஏறியதும், பதற்றத்தால் வந்தது, வேலைப் பளுவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கூறி அனுப்பிவிட்டார்கள். கொடுத்தனுப்பிய மருந்துப் பையில் மீண்டும் அதே வலி மாத்திரை இருந்தது. அந்த மருத்துவமனையைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அன்று வரிசையில் காத்திருந்தவர்களின் எண்ணிக்கையை நானும் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் செய்திருக்க வேண்டிய ஒன்றைப் பிறகு ஒருபோதும் செய்ய முடியாது. அதைத்தான் என் இரண்டாம் கோரிக்கையாக வைத்திருக்கிறேன்.

ஹிஸ்டமின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். அதை அளந்து பிடிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. டிரிப்டேஸ் அப்படியன்று. தாக்குதல் தொடங்கி ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தம் பேசும். மறுநாள் எடுத்தது பேசாது. ஆனால் மறுநாளுக்குப் பிறகு, நோயாளி முற்றிலும் தேறி 24 மணி நேரமாவது கழிந்தபின் எடுக்கும் இரண்டாவது குப்பியும் வேண்டும், ஏனெனில் ஒப்பிடுவதற்கு அவருடைய இயல்பான அளவு தெரிய வேண்டும். இயல்பான அளவோடு அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, மேலும் 2 நானோகிராம் சேர்த்தால் வரும் எண்ணைத் தாக்குதல் நேரத்து அளவு தொட்டாலோ தாண்டினாலோ, மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டன என்று கொள்ளலாம் என்பது 2012-இல் வெளியான வல்லுநர் உடன்பாடு. எடுத்துக்காட்டாக, ஒருவரின் இயல்பான அளவு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்றால், 6.8 என்பது அவருக்கான எல்லைக்கோடு. தாக்குதலின்போது அவருக்கு 7 காட்டினால் அது பொருளுள்ள உயர்வு. ஆனால் ஆய்வகத் தாளில் அச்சிட்ட மேல்வரம்பு பெரும்பாலும் 11.4. ஒரே ஒரு குப்பி எடுத்து, 7 என்று பார்த்து, இயல்பு என்று கையெழுத்திட்டுக் கோப்பை மூடினால் தவறு யாருக்கும் தெரியவே தெரியாது.

இந்தச் சோதனையும் முற்றும் முடிந்த தீர்ப்பு அன்று. உணவால் வரும் தாக்குதல்களில் டிரிப்டேஸ் உயராமலே போவதும் உண்டு; ஆகவே உயரவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாறாக, நல்ல நிலையில் இருக்கும்போதும் 20-க்கு மேல் நிற்பவர்களுக்கு மாஸ்டோசைட்டோசிஸ் என்னும் அரிய நோய் உள்ளதா என்று எலும்பு மச்சை வரை தேட வேண்டியிருக்கும். அந்நோயுள்ள பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிட் என்ற மரபணுவில் ஒரே குறிப்பிட்ட மாற்றம் காணப்படுகிறது. சிலர் டிரிப்டேஸ் மரபணுவின் கூடுதல் படிகளோடு பிறந்து, பரம்பரையாகவே உயர்ந்த அளவு கொண்டிருப்பார்கள். இவர்களையெல்லாம் பிரித்தறிய முதல் படி அந்த இரண்டு குப்பிகள்தான்.

ஆறு மணி நேரம் என்று ஏன் வரையறுத்துக் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சில வகை உண்ணிகள் கடித்தபின், ஆடு மாடு பன்றி இறைச்சியில் உள்ள ஆல்பா-கேல் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை கொள்வோர் உண்டு என்பது 2009-இல் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தெரிய வந்தது. அவர்களுக்கு இரவு உணவில் சாப்பிட்ட இறைச்சி மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, நள்ளிரவில் தூக்கத்தில் தாக்கும். நள்ளிரவில் எழுந்து தடிப்போடு வந்தவரிடம் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்றால், படுக்கும்முன் குடித்த மைலோவைத்தான் சொல்வார். நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்தால் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். மருந்துகளைப் பொறுத்தவரை ஆறு மணி நேரமும் போதாது. நடப்பில் உள்ள எல்லா மருந்தையும் கேட்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பெரிண்டோப்ரில் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமலிருந்துவிட்டு, திடீரென ஒரு நாள் உதட்டையும் நாக்கையும் வீங்கச் செய்யும். அது மாஸ்ட் செல்லின் வேலையே அன்று; பிராடிகைனின் என்னும் வேறொரு பொருளின் வேலை. அரிப்பில்லாத அந்த வீக்கத்துக்கு ஒவ்வாமை மாத்திரை கேட்காது, மருந்தை மாற்றுவதே வழி.

நம் ஊருக்கென்றே உள்ள மறைந்த தூண்டுதல்களை மேலை நாட்டு நூல்களை மட்டும் பார்த்துக் கேட்டால் விட்டுவிடுவோம். நம் காற்றின் ஈரப்பதம் தூசிப்பூச்சிகளுக்கு ஆண்டு முழுவதும் திருவிழா. அவை மெத்தையில் மட்டும் இருப்பதில்லை. பிரித்து, ரப்பர் வளையம் போட்டு, அடுக்களை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்த கோதுமை மாவிலும், ஜெம்புட் பிசாங் என்னும் வாழைப்பழப் பலகாரத்தைப் பொரிக்கும் மாவுக் கலவையிலும் பெருகும். அந்த மாவில் செய்ததை உண்டு கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்கள் வெப்ப நாடுகள் பலவற்றில் பதிவாகியிருக்கிறார்கள். வலி நிவாரணி ஒத்துக்கொள்ளாதவர்கள் அவர்களில் அதிகம். சூடு அந்தப் புரதத்தை முழுவதும் அழிப்பதில்லை. இத்தகையவரைக் கோதுமைக்குச் சோதித்தால் இல்லை என்று வரும். வேறு கடையில் அதே ரொட்டியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே வீட்டார் அவரைப் பாசாங்கு செய்கிறார் என்பார்கள். மாவை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்வது கிளினிக்கில் ஒரு நிமிட அறிவுரை. இதை எந்தக் கிளினிக் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

இறாலை அரைத்துப் புளிக்கவைத்த பெலாச்சான் அடுத்தது. இறாலைத் தொடவே மாட்டேன் என்று கவனமாக இருப்பவர், சம்பாலிலும் ரோஜாக் குழம்பிலும் லக்சாவிலும் கலந்த இறாலைத் தெரியாமல் உண்கிறார். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் பொட்டலமிட்ட உணவின் மேலுறையில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடச் சொல்கின்றன. அங்காடிக் கடைத் தட்டுக்கு மேலுறை ஏது? மீனைப் பொறுத்தவரை, கானாங்கெளுத்தி, சூரை போன்றவை பிடித்த பின் பனிக்கட்டியில் இல்லாமல் கிடந்தால், நுண்ணுயிர்கள் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். பிறகு பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது போகாது. இது நச்சு, ஒவ்வாமை அன்று. சேர்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கும் முகம் சிவந்ததா என்ற ஒரு கேள்வி பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்காததால் வாழ்நாள் முழுவதும் மீனைத் துறந்தவர்களை நான் அறிவேன்.

இவற்றோடு ஆண்டுதோறும் அஞ்ச வேண்டிய புகைமூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-இலும் 2019-இலும் பள்ளிகளை மூட வேண்டியிருந்த அளவுக்கு அது வந்தது. மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் அந்த வாரங்களில், வழக்கமாகத் தாங்கும் உணவும் உழைப்பும் தாங்காமல் போகலாம். நேரத்தோடு எழுதும் அந்தத் தாளில் அன்றைய காற்றுத் தூய்மைக் குறியீட்டை எழுத ஒரு கட்டம் விட்டால் போதும்.

ஜாமு, மாஜூன், மூட்டுவலி மூலிகை உருண்டை என்று விற்கப்படுபவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்து விற்றவற்றைப் பற்றித் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பல முறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. இதை வாங்கிச் சாப்பிடுபவருக்கு அரிப்பு அடங்கும், வலி குறையும், பசி எடுக்கும், முகம் உப்பும். டப்பா தீர்ந்ததும் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும். அவர் அந்த வாரம் சாப்பிட்ட கத்தரிக்காயையோ கருவாட்டையோ பழிப்பார். உண்மையில் தூண்டுதல் நேர்ந்தது ஒரு பொருள் வந்ததால் அன்று, ஒரு பொருள் நின்றதால். மருத்துவர் திட்டுவாரோ என்ற அச்சத்தில் இதைக் கிளினிக்கில் யாரும் சொல்வதில்லை. ‘மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?’ என்றால் இல்லை என்பார்கள்; ‘சத்துக்கு, மூட்டுக்கு, தூக்கத்துக்கு ஏதாவது?’ என்றால் பையிலிருந்து டப்பாவை எடுப்பார்கள். டப்பாவில் மால் என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கின்றனவா என்று பார்க்க மருந்தாளுநருக்கு அரை நிமிடம் போதும்.

தனியார் கிளினிக்குகள் தாமே மருந்து கொடுக்கும் நம் நாட்டு வழக்கத்தில், சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தின் மேல் ‘வலி, நாளுக்கு மூன்று வேளை’ என்று மட்டும் கிறுக்கியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மருந்தின் பெயர் இல்லாமல் எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெயரை எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை என்பதை அமைச்சு ஓயாமல் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனைகள் வழங்கும் மருந்து ஒவ்வாமை அட்டை மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் மருந்தின் பெயரும் விளைவும் பதிவாகின்றனவே தவிர, அதோடு சேர்ந்திருந்த உணவு, ஓட்டம், காய்ச்சல் போன்றவற்றுக்கு இடமில்லை. என் மகளுக்கு இறால் தனியே ஒத்துக்கொள்கிறது, அதோடு மாத்திரையும் ஓட்டமும் சேர்ந்தால் ஒத்துக்கொள்வதில்லை என்பதை அந்த அட்டையில் எங்கே எழுதுவது? இரண்டு வரி இடம் கூட்டினால் போதும்.

இவ்வளவு எழுதியபின், மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லாவிட்டால் என் கோரிக்கைக்கே தீங்கு. நாட்பட்ட களைப்பும் வலியும் உள்ள எல்லோருக்கும் மாஸ்ட் செல் கோளாறு என்று ஓர் அலை இன்று கிளம்பியிருக்கிறது. வல்லுநர்களிடையே இதில் இரு கட்சி உண்டு. டிரிப்டேஸ் உயர்வு போன்ற அளவிடத்தக்க சான்றும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பு மண்டலங்களில் விட்டுவிட்டு வரும் அறிகுறியும், மருந்துக்குக் கட்டுப்படுவதும் சேர்ந்தால்தான் ஏற்போம் என்பது ஒரு கட்சி. அந்த அளவுகோல் பலரை வெளியே தள்ளுகிறது என்பது மற்றது. நான் முதல் கட்சியின் பக்கம் சாய்கிறேன். தைராய்டு, இரத்தசோகை, நீரிழிவு, லூபஸ், மாதவிடாய் நிறுத்தம், அரிதாகச் சில கட்டிகள் என்று முகம் சிவக்கவும் உடல் சோரவும் வேறு காரணங்கள் நிறைய. அவற்றைத் தேடாமல் இப்பெயரைச் சூட்டுவது இன்னொரு அநீதி. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வரும் காணாக்கடியில் (அரிப்போடு வரும் தோல் தடிப்பில்) வெளியிலிருந்து தூண்டும் பொருள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பலருக்கு உடலின் சொந்த எதிர்ப்புப் பொருளே மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறது. இவர்களைப் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவதைவிட, தூக்கத்தை வரவழைக்காத வகை ஒவ்வாமை மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில், தேவையானால் வழக்கமான அளவின் நான்கு மடங்கு வரை, முறையாகக் கொடுக்கலாம் என்பதே பன்னாட்டு வழிகாட்டி.

வெறும் சோதனைகளை விற்பவர்களும் இந்த இடைவெளியில் நுழைந்துவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் பட்டியல்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகின்றன. அந்த எதிர்ப்புப் பொருள் ஓர் உணவை உண்டு பழகியதைக் காட்டுமே தவிர, ஒவ்வாமையைக் காட்டாது என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கல்விக்கழகம் 2008-லேயே அறிவித்துவிட்டது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி, பால், முட்டை, பருப்பு நான்கையும் விட்டு எலும்பும் தோலுமாகி வந்த ஒரு பிள்ளையை என் பழைய பள்ளியில் பார்த்தேன். அமைச்சு இதைப் பற்றித் தெளிவான ஓர் அறிக்கையை மூன்று மொழிகளில் வெளியிட வேண்டும்.

பதற்றம் என்று எழுதி அனுப்பும் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். மாஸ்ட் செல் தாக்குதலில் நெஞ்சு படபடப்பதும், ஏதோ நடக்கப்போகிறது என்ற பேரச்சம் எழுவதும் நூல்களில் பதிவான அறிகுறிகளே. அச்சம் விளைவாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொண்டு, முதலில் தோலைப் பாருங்கள், இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், குப்பியை எடுங்கள். அதன்பின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் நாங்கள் மறுக்கப்போவதில்லை. இந்தப் பதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் கிடைக்கிறது என்பது நான் பார்த்த கோப்புகளிலிருந்து எனக்குப் படுகிறது.

உயிர்காப்பு பற்றி ஒரு வேண்டுதல். கடும் தாக்குதலில் முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்கு மாற்றாகா. இதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வீடுகளில் அறியமாட்டார்கள். வெற்றிலையும் மிளகும் கொடுத்துக் காத்திருப்பார்கள். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் கருவி யாருக்கு, எங்கே, என்ன விலையில் கிடைக்கும் என்பதை மாநில அளவில் தெளிவாக அறிவித்து, தாக்குதல் ஒருமுறை உறுதியானவர்களுக்காவது அரசாங்க மருந்தகத்தின் வழியே வழங்க ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் கோரிக்கையை நிறைவேற்ற ஒரு தாள் போதும். அந்தத் தாளை நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து தமிழிலும் மலாயிலும் வரைந்து வைத்திருக்கிறோம். இடப்பக்கம் மணி, அதற்கு எதிரே உணவு, மருந்து, உடலுழைப்பு, வெயில் அல்லது குளிர், தூக்கம், மாதவிலக்கு நாள், காற்றுக் குறியீடு, கீழே அறிகுறிகள் எந்த வரிசையில் தொடங்கின என்பதும், உடன் உண்டவர்களுக்கு ஏதும் நேர்ந்ததா என்பதும், கடைசியில் டிரிப்டேஸ் எடுத்த மணியும் இரண்டாம் குப்பிக்கான தேதியும். காத்திருப்புக் கூடத்தில் நோயாளியோ உடன் வந்தவரோ நிரப்பலாம். மருத்துவருக்கு வாசிக்க இரண்டு நிமிடம் ஆகும். அது கோப்பின் முதல் பக்கமாக எல்லாப் பிரிவுக்கும் கூடவே போக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். செபராங் பிறையில் ஏதேனும் ஒரு கிளினிக்கில் முன்னோடியாக இதைச் சோதித்துப் பார்க்க மாநில சுகாதார இலாகா இசைந்தால், தாளை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கவும், உங்கள் மருத்துவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்யவும், நிரப்பத் தெரியாத முதியவர்களுக்கு வாரத்தில் சில காலைகள் உடனிருந்து உதவவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு.